விண்கலமா, லடாக்கா, ஊட்டியா?

மும்பை செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இயற்பியல் எம்எஸ்சி படிக்கிறாள். "காமா கதிரை ஆராயணும்னா எந்தப் பக்கம் போகலாம், மாமா?" என்று போன ஞாயிறு வந்து உட்கார்ந்தாள்.

விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர், அதாவது மிக அதிக ஆற்றலுள்ள ஒளி, தரைக்கு வந்து சேராது, காற்று மண்டலம் மறித்துவிடும். அப்படியானால் விண்ணுக்கே போய்ப் பிடிப்பதுதானே நியாயம்? 2008 ஜூனில் ஏவப்பட்ட நாசாவின் ஃபெர்மி விண்தொலைநோக்கி அதைத்தான் செய்கிறது. சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை வானம் முழுவதையும் துழாவிவிடும். காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் மின்னூட்டமுள்ள துகள், நுழைந்தால் காட்டிக்கொடுக்க வெளியே பிளாஸ்டிக் உறை உண்டு. தரவும் இலவசம். லோக்கல் ரயிலில் நின்றபடியே இறக்கிக்கொள்ளலாம். அலசுவதற்குத்தான் உட்கார இடம் வேண்டும்.

இடிப்பது பரப்பளவு. கதிரைப் பிடிக்கும் பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீட்டர்தான். ஆற்றல் ஏற ஏறக் கதிர்கள் அருகிக்கொண்டே போகும். சில நூறு ஜிஇவி (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) தாண்டினால், கோடைத் தூறலைக் கொட்டாங்கச்சியில் பிடிக்கிற கதை.

லடாக்கின் ஹான்லேயில் 4,270 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேஸ் தொலைநோக்கி இதைத் தலைகீழாக்குகிறது. தடுக்கிற காற்றையே கருவியாக்கிக்கொள்கிறது. மேலே மோதும் காமா கதிர் துகள் மழையாகச் சிதறும். காற்றில் ஒளி போகும் வேகத்தை அந்தத் துகள்கள் மிஞ்சும்போது, சில நானோ நொடிகள் நீல ஒளி மின்னும். அது தரையில் 100 மீட்டருக்கு மேல் ஆரமுள்ள வட்டமாக விரியும். அதற்குள் எங்காவது தொலைநோக்கியின் கண்ணாடித் தட்டு இருந்தால் போதும். ஆக, பிடிக்கும் பரப்பு பல்லாயிரம் சதுர மீட்டர்! தட்டின் விட்டம் 21 மீட்டர். இதன் பின்னால் இருப்பது நம் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையம் என்பதால் செம்பூர்க்காரனான எனக்குக் கொஞ்சம் பாசம் கூட, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலவும் மேகமும் இருந்தால் வேலை நடக்காது. காமா கதிரால் வரும் ஒரு ஒளிக்கீற்றுக்கு, காஸ்மிக் கதிர்களால் ஆயிரக்கணக்கில் ஒளிக்கீற்றுகள் வரும். பதிவாகும் ஒளிப்படத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் அவற்றைக் கழிக்கவேண்டும்.

காஸ்மிக் கதிரே வேண்டுமென்றால், அதன் துகள் மழையைத் தரையிலேயே பிடிக்கும் ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வகம். கொலாபாவில் இருக்கும் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் நடத்துவது. இரவு, பகல், மழை எதுவும் பொருட்டில்லை. 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததை அந்தத் துகள் மழையில் வரும் மியூவான் என்ற துகள்களை வைத்தே கணக்கிட்டுவிட்டார்கள்.

சரி, என் யோசனை: எம்எஸ்சி புராஜெக்டுக்கு ஃபெர்மி, அப்புறம் பிஎச்டிக்கு ஹான்லே. அவளுக்கோ ஊட்டிதான் பிடித்திருக்கிறது. பாட்டி வீடு கோயம்புத்தூராம்.