பழைய வால்வு ஆம்பும் அதன் டிஜிட்டல் நகல்களும்: பாறசாலையில் ஓர் ஒப்பீடு

பாறசாலையில் என் நண்பர் வீட்டில் 1960களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப் ஒன்று இருக்கிறது; கண்ணாடி வால்வுகளைக் கொண்டு கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி அது. அமெரிக்காவில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா கொண்டுவந்தது. 120 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டதால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் நம் ஊர் மின்சாரத்தில் ஓடுகிறது. தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உள்ள சபைகளில் கிட்டார் வாசிக்கும் எங்களுக்கு அந்த ஆம்ப்தான் அளவுகோல். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே வகை ஆம்பின் ஒலியைத் தருவதாகச் சொல்லும் டிஜிட்டல் வழிகளை இரண்டு நாட்கள் வாசித்துப் பார்த்தோம்.

நகலெடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஆம்பின் மின்சுற்றை வால்வு, கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் என்று பகுதி பகுதியாகக் கணக்கில் கொண்டுவருவது. 1998இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் பாட் (POD) என்ற கருவி இவ்வகை ஒலியைச் சாதாரண வாசிப்பாளர் கைக்குக் கொண்டுவந்தது. இன்றைய கருவிகள் அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகக் கணக்கிடுகின்றன. மற்றொன்று கேப்சர். ஆம்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், ஒரு சோதனை ஒலியை உள்ளே அனுப்பி, வெளியே வருவதைப் பதிவுசெய்து, இரண்டுக்கும் உள்ள உறவை மென்பொருள் கற்றுக்கொள்ளும் முறை. 2011இல் வந்த கெம்பர் புரொஃபைலர் என்ற கருவி இந்த வழியைப் பரவலாக்கியது. இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவசத் திறமூல மென்பொருளைக் கொண்டு யாரும் தம் சொந்த ஆம்பைக் கேப்சர் செய்துகொள்ளலாம். நாங்களும் நண்பரின் ஆம்பை லேப்டாப்பில் கேப்சர் செய்துகொண்டோம்.

வால்யூம் 3இல் வரும் சுத்தமான ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பை மைக் வைத்துப் பதிந்ததையும் கேப்சரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியபோது, நாற்பது ஆண்டுகளாகப் பாடகர் குழுவை நடத்திவரும் எங்கள் அண்ணாச்சியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

வால்யூம் 6க்குப் போனதும் நிலைமை மாறியது. இந்த ஆம்ப் இரண்டு 6வி6 வால்வுகளில் சுமார் 22 வாட் தருவது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் வேலையையும் ஒரு வால்வே செய்கிறது. தந்திகளை ஓங்கி அடித்தால் 6வி6 பவர் வால்வுகள் திடீரென்று அதிக மின்னோட்டத்தை இழுக்கின்றன. ரெக்டிஃபையர் வால்வால் உடனே ஈடுகொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சற்றுச் சரிகிறது. அடியின் முன்முனை அமுங்கி, ஸ்வரம் தேயத் தேய அழுத்தம் மீண்டு, ஒலி உள்ளிருந்து பொங்கி வருவதுபோல் கேட்கிறது. அதே நிறுவனத்தின் 85 வாட் ட்வின் ரிவெர்பில் ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் சிலிக்கான் டயோடுகள் இருப்பதால் இந்தச் சரிவு மிகக் குறைவு. டீலக்ஸை விரும்புகிறவர்கள் விரும்புவது பெரும்பாலும் இந்தப் பொங்கலைத்தான்.

எங்கள் கேப்சர் பிடிக்காமல் விட்டதும் இதைத்தான். கேப்சர் மென்பொருளில் ஒலியைக் கற்றுக்கொள்ளும் நரம்பு வலையமைப்பு ஒவ்வொரு கணமும் மிகக் குறுகிய கடந்தகாலத்தை மட்டுமே திரும்பிப் பார்க்கிறது; மின்வழங்கி சரிந்து மீள்வது அதைவிட நீண்ட நினைவு. இரண்டாவது குறை வெளிப்படையானது. வால்யூம் 6இல் எடுத்த கேப்சர் வால்யூம் 6 மட்டுமே. மென்பொருளின் வால்யூம் குமிழைத் திருப்பினால் ஒலி கூடுமே தவிர ஆம்பின் குணம் மாறாது. ஆனால் கிட்டாரின் குமிழை 10இலிருந்து 4க்கு இறக்கியபோது, கேப்சர் ஆம்பைப் போலவே தெளிந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. சுற்றைக் கணக்கிடும் முறை ஆம்பின் குமிழ்களிலும் மின்வழங்கியின் சரிவிலும் கேப்சரை வெல்கிறது. ஒரே ஒரு நிலையில், ஒரே ஒரு ஆம்பின் குரலை அச்சாகத் தருவதில் கேப்சர் அதை வெல்கிறது.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. நொடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கும் கருவியால் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைக் காட்ட முடியாது. கிட்டார் ஒலியில் 5,000 ஹெர்ட்ஸில் உள்ள ஒரு கூறு டிஸ்டார்ஷனில், அதாவது ஒலி உடையும்போது, உருவாக்கும் ஏழாவது ஹார்மோனிக் (ஏழு மடங்கு அதிர்வெண் கொண்ட துணை ஒலி) 35,000 ஹெர்ட்ஸ். கணக்கை முன்னெச்சரிக்கையின்றிச் செய்தால் அது மடிந்து 13,000 ஹெர்ட்ஸில் வந்து விழும். அந்த ஸ்வரத்தோடு எந்த உறவும் இல்லாத அந்நிய ஒலி அது. தந்தியை மேலே இழுத்து வளைக்கும்போது ஸ்வரம் ஏறுவதற்கு நேர்மாறாக இது இறங்கும். ஆகவே நல்ல கருவிகள் உள்ளுக்குள் பல மடங்கு வேகத்தில் கணக்கிட்டு, பிறகு வடிகட்டித் தருகின்றன. எந்த மாடலரை (ஆம்பை நகலெடுக்கும் டிஜிட்டல் கருவியை) வாங்கினாலும், நிறைய டிஸ்டார்ஷன் வைத்து, உயர்ந்த ஸ்வரம் ஒன்றை மெதுவாக வளைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நகல் எதற்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. நண்பரின் ஆம்ப் பகல் 2 மணிக்குப் பாடியது போல மாலை 7 மணிக்குப் பாடுவதில்லை. ஊரெல்லாம் விளக்கும் மோட்டாரும் போட்டு மின்னழுத்தம் தாழும்போது வால்வுகளுக்குக் கிடைப்பதும் தாழ்ந்து, ஒலி சீக்கிரமே உடைந்து மென்மையாகிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். நேர்மின்சாரமாக்கிய பிறகும் ஆம்புக்குள் மிஞ்சும் சிறு ஏற்ற இறக்கமான சிற்றலை 120 ஹெர்ட்ஸ். நம் ஊரில் அது 100. ஓங்கி வாசித்த 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு இந்தச் சிற்றலை கலந்தால் 340இலும் 540இலும் மங்கலான நிழல் ஸ்வரங்கள் எழும். அங்கே அவை 320, 560. ஆக, கடல் தாண்டி வந்த இந்த ஆம்பே தன் பிறந்த ஊர்க் குரலை அப்படியே வைத்திருக்கவில்லை. டிஜிட்டல் கருவிக்கு எந்த ஊரும் எந்த நேரமும் ஒன்றுதான். ஞாயிறு காலையிலும் கன்வென்ஷன் இரவிலும் ஒரே ஒலி வேண்டும் என்பவருக்கு அது பெரிய நன்மை.

இவை அனைத்தையும்விடப் பெரிய வேறுபாட்டை ஸ்பீக்கரில்தான் கேட்டேன். லேப்டாப்பிலிருந்து வருவது மைக் வைத்துப் பதிந்த ஆம்பின் ஒலி. ஹெட்ஃபோனில் அது அற்புதம். அறையில் நிற்கும்போது 12 அங்குல ஸ்பீக்கர் காற்றைத் தள்ளி முழங்காலில் தட்டுவதும், அந்த அதிர்வைத் தந்தி திரும்ப வாங்கி ஸ்வரம் நீள்வதும் அதில் இல்லை. இது கணக்கின் பிழை என்று சொல்வது நியாயமாகாது. மைக்கும் ஸ்பீக்கரும் சேராத ஆம்பின் ஒலியை மட்டும் மரப்பெட்டியும் கிட்டார் ஸ்பீக்கரும் வைத்து ஒலிக்கவிட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். 2019இல் ஃபெண்டரே வெளியிட்ட டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப் அந்த வழியில் செய்யப்பட்டது: உள்ளே சுற்றின் டிஜிட்டல் கணக்கு, வெளியே பழைய பெட்டியும் 12 அங்குல ஸ்பீக்கரும். வால்வு டீலக்ஸ் சுமார் 19 கிலோ. இது சுமார் 10 கிலோ. திருவனந்தபுரத்தில் ஓர் இசைக்கூடத்தில் இதை ஒரு மணி நேரம் வாசித்தேன். பொங்கல் இருக்கிறது, கொஞ்சம் ஒழுங்காகப் பொங்குகிறது. வெளியீட்டை 22 வாட்டிலிருந்து குறைத்து வைத்து, முழு டிஸ்டார்ஷனையும் பேசும் சத்தத்தில் வாசிக்கலாம். வால்வு ஆம்பை வால்யூம் 6இல் வைத்தால் ஜெபவேளையில் முன்வரிசை தாங்காது.

பழுது என்று வந்தால் மட்டும் தராசு மறுபக்கம் சாய்கிறது. வால்வு ஆம்பின் கெப்பாசிட்டரைப் பழைய ரேடியோ பழுதுபார்க்கிறவர் மாற்றிவிடுவார். டிஜிட்டல் போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டும்.

ஆராதனைக்கு நான் தேர்ந்தெடுப்பது ஸ்பீக்கரோடு கூடிய டிஜிட்டல் ஆம்ப். வீட்டில் பாடல் பதிவதற்கு நண்பரின் ஆம்பில் எடுத்த கேப்சர் போதும். வால்யூம் 6இல் மனம்போல வாசிக்க வேண்டும் என்றால் பாறசாலைக்குத்தான் போவேன். இடவப்பாதி மழை தொடங்கி அந்த ஆம்புக்குள் ஈரம் ஏறுவதற்கு முன்னால் வால்யூம் 4, 5, 7 ஆகிய நிலைகளிலும் தனித்தனிக் கேப்சர் எடுத்துவிட வேண்டும் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.