லா கூப்போலா: ஆல்டோ ரோசி வரைந்த மோக்கா பாத்திரம்

அடுப்பில் வைத்தால் இத்தாலிய வீட்டுப் பொருள் நிறுவனமான அலெஸ்ஸியின் லா கூப்போலா ஒரு குட்டிக் கட்டடம் போலத்தான் நிற்கும். இது மோக்கா பாத்திரம்: கீழ்க் கலத்துத் தண்ணீர் சூடேறி, ஆவி அழுத்தத்தில் நடுவிலுள்ள காபித் தூள் வழியாக மேல் கலத்துக்கு ஏறும். நேரான உருளை உடம்பு, மேலே கும்மட்ட மூடி, உச்சியில் ஒரு குமிழ். வரைந்த ஆல்டோ ரோசி (1931–1997) மிலானில் பிறந்த கட்டடக் கலைஞர். நகரங்கள் உருவாகும் விதத்தைப் பற்றி 1966இல் அவர் எழுதிய புத்தகம் நகரத் திட்டமிடல் படிப்பவர்களுக்கு இன்றும் பாடம். கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் இத்தாலியரும் (1990) அவரே. மோடெனா நகரின் சான் கட்டால்டோ கல்லறைத் தோட்டத்துக்கு அவர் திட்டமிட்ட கூம்புக் கோபுரம் கட்டப்படவே இல்லை. கூம்பு மூடி போட்ட லா கோனிகா காபிப் பாத்திரம் மட்டும் 1984இல் கடைக்கு வந்துவிட்டது. அது செம்பு அடி வைத்த எவர்சில்வர். அழகு, ஆனால் விலை கடிக்கும். நான்கு ஆண்டு கழித்து வந்த கூப்போலா அலுமினியம். தினசரிப் புழக்கத்துக்கு இதுதான் சரி.

'3 கப்' என்றதும் மூன்று டம்ளர் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். மொத்தமே 150 மி.லி.தான். பால் கலந்து குடிக்கிற இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். வீட்டில் நான்கு பேர் என்றால் 300 மி.லி. பிடிக்கும் 6 கப் அளவை எடுங்கள்.

கீழ்க் கலத்தில் சேஃப்டி வால்வுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் விடவும். 3 கப் பாத்திரத்துக்குத் தூள் ஏறக்குறைய 15 கிராம். தூளை நிரவிவிட்டால் போதும். டிகாக்‌ஷன் பில்டரில் அமுக்கிப் பழகிய கை இங்கேயும் அமுக்கப் பார்க்கும். அமுக்கினால் தண்ணீர் மேலேற வழியில்லாமல் திருகு இணைப்பில் ஆவி சீறும், கிடைக்கிற காபியும் கசக்கும். சிக்கரி கலந்த நைஸ் தூளிலும் இதே தொல்லைதான். தீ சிறியதாக இருக்கட்டும். மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள்: காபியின் நிறம் வெளுத்துக் களகளவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். புதுப் பாத்திரத்தில் முதல் இரண்டு மூன்று முறை போட்டதைக் கொட்டிவிடுங்கள்.

குறை என்றால் அந்த வழவழப்பான உருளைதான். 1933இல் இத்தாலியின் பியலெட்டி செய்த மோக்கா எட்டுப் பட்டையாக இருப்பதால் ஈரக் கையிலும் பிடி கிடைக்கும், இது வழுக்கும். இறுக்க முடியவில்லை என்று கைப்பிடியைப் பிடித்துத் திருகினால் கைப்பிடி ஆடத் தொடங்கிவிடும். துணி போட்டு உடம்பைப் பிடித்தே திருகுங்கள். கைப்பிடி பிளாஸ்டிக் என்பதால் தீ அடியைத் தாண்டி வெளியே வந்தால் அது உருகும். 3 கப் பாத்திரத்தின் அடி சிறியது, பர்னர் கம்பிகளுக்கு நடுவே சாயும். பர்னர் மேல் ஒரு சின்னக் கம்பி வளையம் போட்டு வைப்பது நல்லது. இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. டிஷ்வாஷரில் போட்டால் அலுமினியம் கருத்துவிடும், வெந்நீரில் கையால் அலசினாலே போதும்.

இரண்டு கலங்களும் சேரும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் இறுகி விறைத்துப்போனால் எவ்வளவு திருகினாலும் ஆவி கசியும். வளையம் தனியாகக் கிடைக்கும். 3 கப், 6 கப் இரண்டுக்கும் அளவு வேறு என்பதால் பார்த்து வாங்கவும்.