இளம் பேடு என்று சொல்லி விற்ற கிழக்கோழிகள்

மட்டக்குளி, வத்தளைப் பக்கம் முட்டைக்கோழி தேடுகிறவர்கள் காசு கொடுக்க முன் இதைப் படித்துவிடுங்கள். நாலு கோழிக்கு 8,000 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை.

2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தார்களே, அப்போதே வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. போன வருடம்தான் கூடு அடித்தோம். முகநூலில் ஒரு விளம்பரம்: "18 வாரப் பேடுகள், இரண்டு வாரத்தில் முட்டை." பேடு என்றால் இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி. அழைத்துப் பேசினேன். நல்ல மரியாதையான ஆள். குளியாப்பிட்டிப் பக்கம் பண்ணையாம், ஆட்டோவில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவாராம். பகல் வெயிலில் கோழி களைத்துவிடும் என்று இரவு ஏழரைக்கு வந்தார். அக்கறையான மனிதர் என்று நினைத்தேன்.

வாசல் பல்பு வெளிச்சத்தில் பாடமே நடத்தினார். "பாருங்க மிஸ், கொண்டை எப்படிச் சிவந்திருக்கு! முதுகில கை வைங்க." வைத்தேன். கோழி சிறகை அகட்டிக்கொண்டு பதுங்கியது. "இப்படிப் பதுங்கினா முட்டைக்கு ரெடி." இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, எனக்கு ஆத்திரமே அதுதான். முட்டையிடப் போகும் பேட்டுக்குக் கொண்டை சிவக்கும், கை வைத்தால் பதுங்கும். ஒரு வருடமாக முட்டையிட்ட கோழிக்கும் அதே கொண்டை, அதே பதுங்கல்.

மூன்றாம் நாளே முட்டை! தராசில் வைத்தேன், 68 கிராம். குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டேன், அண்ணா கைதட்டல் அனுப்பினார். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பேட்டின் முதல் முட்டை சின்னதாகத்தான் இருக்கும். எனக்குக் கிடைத்ததோ பெரிய முட்டை, மெல்லிய ஓடு, ஒரு முனையில் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு. அங்கேயே விளங்கியிருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் நாலு கோழியும் சேர்ந்து ஒன்பது முட்டை. அப்புறம் ஒன்றுமில்லை. முற்றம் முழுக்க இறகு. அழைத்தால், "இடம் மாறின பயம் மிஸ், பத்து நாளில் சரியாகும்" என்றார். இரண்டாவது தடவை அழைத்த பிறகு என் நம்பரையே தடுத்துவிட்டார்.

கிளிநொச்சியிலிருந்து வந்த மாமி ஒன்றைத் தூக்கிக் காலைப் பார்த்தார். "பிள்ளை, இதுகள் பேடு இல்லை. முட்டையிட்டுக் களைச்சதுகள்." இந்தச் சிவப்பு முட்டைக் கோழிகளுக்குப் பேட்டுப் பருவத்தில் கால் நல்ல மஞ்சளாக இருக்கும். முட்டையிடத் தொடங்கினால் தீனியில் உள்ள மஞ்சள் நிறம் கருவுக்குப் போய்விடும். முதலில் முட்டை வரும் வாய் வெளுக்கும், பிறகு அலகு, கடைசியாகக் கால். கால் வெளுக்க மாதக்கணக்கில் எடுக்கும். என் கோழிகளின் கால் சுண்ணாம்பு நிறம். கம்பிக்கூட்டில் நின்று நகம் வேறு நீண்டு வளைந்திருந்தது. மஞ்சள் பல்புக்குக் கீழே இதெல்லாம் எங்கே தெரியும்?

மிருக வைத்தியரும் அதையே சொன்னார். பண்ணைகளில் 72, 80 வாரம் ஆனதும் கோழிகளைக் கழித்துவிடுவார்களாம். அங்கே விளக்குப் போட்டு நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுவார்கள். கொழும்பில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். திடீரென்று வெளிச்சம் குறைந்ததில் முட்டையை நிறுத்தி இறகு உதிர்த்துவிட்டன.

பிறகு வேறு இடத்தில், பகலில் போய், காலைப் பார்த்து நாலு பேடு வாங்கினேன். 21 ஆவது வாரம் வரை ஒரு முட்டையும் இல்லை. இடையில் லேயர் மாஷ், அதாவது முட்டையிடும் கோழிக்கான தீனி, போடவிருந்தேன்; மாமி தடுத்தார். அதில் கல்சியம், வளரும் கோழிக்குப் போடும் குரோவர் மாஷில் இருப்பதைப்போல மூன்று நாலு மடங்கு, முட்டையிடாத பேட்டின் சிறுநீரகத்துக்குக் கூடாது. ஒருநாள் காலை கேரிக்கொண்டு மூலை மூலையாகத் திரிந்தன, மத்தியானம் முதல் முட்டை: 41 கிராம், ஓட்டில் கொஞ்சம் இரத்தக் கோடு. அடுத்த வாரம் ஓடே இல்லாமல் தோலோடு ஒன்று, இரட்டைக் கருவோடு ஒன்று. பயந்துபோனேன். தொடக்கத்தில் அப்படித்தானாம், சில வாரத்தில் ஒழுங்காகிவிட்டது. இப்போது கல்சியத்துக்குச் சிப்பித்தூளும் தனியாக ஒரு சட்டியில் வைக்கிறோம்.

பழைய நாலையும் கறிக்குக் கொடுக்க மாமி விடவில்லை. இறகு முளைத்து மூன்று மாதத்தில் இரண்டு மறுபடி இடுகின்றன, வாரத்துக்கு மூன்று முட்டை வரும்.

நேற்றும் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். நம்பர் புதிது, படம் பழையது: பளிச்சென்ற மஞ்சள் கால்கள். கீழே, "இரவில் மட்டும் டெலிவரி."