பச்சை விழுந்த உருளை: எறியவா, சீவவா, வேகவைத்தால் போதுமா?

ஜன்னலோரக் கூடையில் நாலைந்து நாள் கிடந்த உருளைக்கிழங்கு ஒரு பக்கம் பச்சை ஓடிவிட்டால், வீட்டில் மூன்று கட்சி கிளம்பும். 'விஷம், தூக்கிப் போடு' என்பது ஒரு கட்சி. 'பச்சையை மட்டும் சீவிட்டுப் போடு' என்பது இரண்டாவது. 'குக்கர்ல நாலு விசில் விட்டா எந்த விஷம் நிக்கும்?' என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதற்குத்தான் ஆதரவு அதிகம். மூன்றில் மோசமானதும் அதுதான்.

பச்சை நிறத்தால் ஒரு கெடுதலும் கிடையாது. கீரையில் இருக்கும் அதே பச்சையம்தான். ஆனால் கிழங்கில் வெளிச்சம் படும்போது பச்சையத்தோடு சோலனைன், சாக்கோனைன் என்ற இரண்டு நச்சுகளும் கூடுகின்றன. இவற்றுக்கு நிறம் இல்லை. தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் கண்களிலும்தான் அதிகம். முளையில் எல்லாவற்றையும்விட அதிகம். அளவு மீறினால் வயிற்றுவலி, வாந்தி, பேதி, தலைவலி. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம் என்பதால், பழி பெரும்பாலும் வேறு பண்டத்தின்மேல் விழும்.

எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரு கிலோ கிழங்கில் 200 மில்லிகிராம் என்பது பல நாடுகளில் நெடுநாளாக ஏற்றுக்கொண்ட எல்லை. நல்ல கிழங்கில் பொதுவாக 100-க்குள்தான் இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் போனாலே தொந்தரவு வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் சொன்னது. கணக்குப் போடுங்கள்: எல்லையைத் தொட்ட கிழங்கு என்றால் 60 கிலோ ஆளுக்கு 300 கிராம் வேண்டும். 15 கிலோ குழந்தைக்கு 75 கிராம், அதாவது ஒரு சின்னக் கிழங்கு போதும். பெரியவர் தட்டையும் பிள்ளையின் தட்டையும் ஒன்றாக வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது விசில் கட்சி. வேகவைப்பதில் இந்த நச்சு பெரிதாக அழியாது. எண்ணெயில்கூட 170 டிகிரி வாக்கில்தான் மெல்லச் சிதையத் தொடங்கும். வறுவல் பொன்னிறமாகிற நேரத்துக்குள் தீர்ந்துவிடாது. இன்னொரு சிக்கல் நம் பழக்கத்தில் இருக்கிறது. பூரிக்கிழங்குக்கும் தோசை மசாலாவுக்கும் தோலோடு வேகவைத்துத்தான் உரிக்கிறோம். வெந்த தோல் காகிதம் மாதிரி மெலிசாகக் கழன்று வரும். அடியில் இருக்கும் பச்சைப் பூச்சு கிழங்கிலேயே தங்கிவிடும். மஞ்சள்தூள் விழுந்ததும் அது கண்ணுக்கும் தெரியாது. சந்தேகமான கிழங்கை வேகவைக்கும் முன்பே சீவிவிட்டுத்தான் குக்கரில் போட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் சீவும் கட்சி பாதி சரி. பச்சை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, மேலோட்டமாக இருக்கிறதா? பீலரை விட்டுவிட்டுக் கத்தியை எடுங்கள். பச்சை போய் வெள்ளை தெரிந்த பிறகும் கொஞ்சம் ஆழமாகச் செதுக்குங்கள், கண்களையும் தோண்டுங்கள். நச்சில் பெரும்பகுதி அதோடு போய்விடும். கிழங்கு கெட்டியாக இருந்து சின்ன முளை மட்டும் விட்டிருந்தாலும் இதே வைத்தியம்தான்.

எறியும் கட்சி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. பச்சை பாதிக் கிழங்கைச் சுற்றிவிட்டது, வெட்டினால் உள்ளேயும் இறங்கியிருக்கிறது, தொட்டால் சுருங்கித் தளர்ந்திருக்கிறது, சமைத்தபின் கசக்கிறது: இவற்றில் எது இருந்தாலும் குப்பைக்குத்தான். தோலோடு ரோஸ்ட் செய்யும் குட்டி உருளையில் பச்சை தெரிந்தால் நான் யோசிப்பதே இல்லை. உருவத்துக்குத் தோல் அதிகம், செதுக்கினால் மிஞ்சுவது கோலிக்குண்டுதான். ஒரு கிழங்கின் விலைக்குப் பிள்ளையின் வயிற்றைப் பணயம் வைப்பானேன்?

கண்ணை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு கதை. அமெரிக்காவில் 1967-இல் சிப்ஸுக்கென்றே லெனாபே என்ற ரகம் வந்தது. பொரித்தால் அருமையான நிறம். ஆனால் காட்டு உருளையோடு கலந்து உருவாக்கிய அதில் இந்த நச்சு இயல்பிலேயே அதிகம் என்று தெரியவர, 1970-இல் திரும்பப் பெற்றார்கள். பச்சை விழாத கிழங்கும் நஞ்சாகலாம். அதைக் காட்டிக்கொடுப்பது நாக்கு. கசப்போ தொண்டை எரிச்சலோ தட்டினால் துப்பிவிடுங்கள். மிளகாய்த்தூள் தூக்கலான வறுவலில் அந்த எரிச்சலைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு லண்டன் சம்பவம். 1969-இல் அங்கே ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 78 மாணவர்கள் நோயில் விழுந்தார்கள். 17 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். காரணம், முந்தைய பருவத்தில் மிஞ்சிக் கிடந்த உருளைக்கிழங்கு. எல்லோரும் பிழைத்தார்கள்.

வைக்கும் இடத்திலும் போட்டி உண்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவர் ஆகவே ஆகாது: வெளிச்சமும் படும், வேர்த்து அழுகவும் செய்யும். காற்றோட்டமான இருட்டு மூலையில் சாக்கோ துணிப்பையோ போதும். பக்கத்தில் வெங்காயம் வேண்டாம். ஃபிரிட்ஜில் பச்சை விழுவது குறையும், ஆனால் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகும். பொரித்தால் சீக்கிரம் கருகி, அக்ரிலமைடு என்ற கெடுதலான வேதிப்பொருள் கூடும். குழம்புக்கு ஃபிரிட்ஜ் கிழங்கு, சிப்ஸுக்கு வெளிக் கிழங்கு என்பது என் கணக்கு.

எறிவதென்றால் மாட்டின் கழுநீர்த் தொட்டியில் எறியாதீர்கள். அதற்கும் இது ஆகாது. தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பச்சை விழுந்து முளைவிட்ட கிழங்கு நல்ல விதைக்கிழங்கு. புதைத்துவிட்டு, செடி வளர வளர மண் அணைத்துக்கொண்டே வாருங்கள். மண்ணுக்கு மேலே தலைகாட்டும் புதுக்கிழங்கும் வெயில் பட்டால் பச்சை ஓடிவிடும்.