மாப்பிள்ளைச் சம்பா: சோறு பாதி, இளவட்டக்கல் மீதி

கும்பகோணமோ தஞ்சாவூரோ திருத்துறைப்பூண்டியோ, பாரம்பரிய அரிசி விற்கும் கடையில் சர்க்கரை நோய் என்று சொன்னால் மாப்பிள்ளைச் சம்பா என்ற சிவப்பரிசியை எடுத்து வைப்பார்கள். "சுகருக்கு நல்லதுங்க, தாராளமா சாப்பிடலாம்" என்பார்கள். நல்லது என்பது ஓரளவு சரி. தாராளமாக என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

பொன்னியானாலும் சிவப்பரிசியானாலும் 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 75 கிராம். தீட்டாத அரிசியில் தவிட்டுத் தோல் இருப்பதால் செரிமானம் தாமதமாகிறது, சர்க்கரை நிதானமாக ஏறுகிறது. வேகம்தான் குறைகிறது, சரக்கு அதேதான். அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு அரிசியின் பெயர்க் கதையிலேயே பதில் இருக்கிறது. பெண் கேட்டு வந்தவன் இளவட்டக்கல் என்ற கனத்த உருண்டைக் கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும், அதற்குத் தெம்பு தர இந்தச் சோறு என்பார்கள். சோற்றை மட்டும் வைத்துக்கொண்டு கல்லை விட்டுவிட்டோம்.

இன்சுலின் தூண்டி ரத்தத்திலிருந்து இறக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அதிலும் தொடையும் பிட்டமும் பெரிய களஞ்சியங்கள். தசைச் செல்லின் உள்ளே குளுட்-4 என்ற புரதம் இருக்கிறது. இன்சுலின் வந்து சொன்னால் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து, வாய்க்கால் மதகு திறந்ததுபோலச் சர்க்கரையை உள்ளே விடும். உட்கார்ந்தே இருக்கும் உடம்பில் தசைக்குள் கொழுப்பு சேர்ந்து அந்தச் சேதியைத் தடுக்கிறது. இன்சுலின் இருந்தும் மதகு சரியாகத் திறக்காத இந்த நிலைதான் இன்சுலின் எதிர்ப்பு. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் வேறு வழியாக அதே மதகு திறக்கிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கும் இந்த இரண்டாவது வழி அடைபடுவதில்லை. இந்த அரிசியை விலை கொடுத்து வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கடையிலேயே சொல்லித் தர வேண்டிய விஷயம் இது.

வேலை செய்த தசையில் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜன் கரைந்திருக்கும். அடுத்த வேளைச் சோறு அந்த இடத்தை நிரப்பப் போகும். இன்சுலினுக்குத் தசை நன்றாகச் செவிசாய்க்கும் இந்த நிலை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 2 மணி நேரம் நடப்பவருக்குப் புதன்கிழமைக்கு ஒன்றும் மிஞ்சாது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தாயிற்று. சோற்றின் அளவு மட்டும் பல வீடுகளில் குனிந்து நாற்று நட்ட காலத்து அளவிலேயே நிற்கிறது.

இனி அரிசிக்கு வருவோம். முழு அரிசியாகவே வாங்குங்கள், புழுங்கலாக இருந்தால் இன்னும் நல்லது. அவல், நொய், புட்டு மாவு, கஞ்சி மாவு எல்லாம் அதே பெயரில் கிடைக்கின்றன. அரைத்து நொறுக்கிய பிறகு தவிட்டுத் தோலின் காவல் போய்விடுகிறது. மாவுக் கஞ்சி மடமடவென்று சர்க்கரையை ஏற்றும், பாலும் வெல்லமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்: தோல் முழுக்கச் செம்பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைக் கீறல் மிகுந்திருந்தால் தீட்டியிருக்கிறார்கள், அதற்கு இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறல் வாடை வரும், வண்டும் சீக்கிரம் விழும். இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

குறைந்தது 8 மணி நேரம் ஊற வேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர், குக்கரில் 5 அல்லது 6 விசில். ஊறாமல் வைத்தால் பருக்கையின் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். அதற்குப் பயந்து 10 விசில் விட்டுக் குழைத்தால் வாங்கிய பயனே குறைகிறது. ஆற வைத்துத் தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக இறுகுவதால் இந்த அரிசிக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. மெல்லும் வேலை அதிகம், ருசியில் மண்வாசனை உண்டு. குழம்புக்கும் மோருக்கும் அருமை, ரசத்துக்குச் சுமார்தான்.

ஒரு வேளைக்கு ஒருவருக்கு 60 கிராம் அரிசி போதும். கீரை, பொரியல், பருப்பு, மீன் எதுவானாலும் அதை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுங்கள். சாப்பிட்டு அரை மணிக்குள் 15 நிமிடம் நடை. வாரத்தில் 3 நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை 10 முறை வீதம் 3 சுற்று. அதுதான் இன்றைய இளவட்டக்கல். பழகியதும் கையில் 5 லிட்டர் தண்ணீர்க் கேன். வரப்பில் நடப்பதானால் செருப்பில்லாமல் வேண்டாம்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்து நடையையும் கூட்டினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை பொட்டலமாகப் பையில் இருக்கட்டும், மருந்தளவை மருத்துவரிடம் பேசுங்கள். விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தவிட்டு அரிசியின் பாஸ்பரஸ் ஒத்துவராமல் போகலாம்.

பொன்னியைவிடக் கூடுதல் விலைக்கு இது தகுமா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். நான்கு நாள், ஒரே குழம்பு, ஒரே 60 கிராம்: பொன்னி சாப்பிட்டு உட்கார்ந்து, பொன்னி சாப்பிட்டு நடந்து, அதேபோல் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும். கையைக் கழுவித் துடைத்து, முதல் கவளத்திலிருந்து 1 மணி, 2 மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள். கருவியே 15 சதவீதம் வரை முன்பின் காட்டும், ஆகவே 20, 25 புள்ளி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் இன்னொரு முறை அளந்து பாருங்கள்.