நீந்த எங்க போறது: பீமேஸ்வரியா, ஹொன்னேமரடுவா?

எங்க அம்மா பவானிக்காரங்க. சின்ன வயசுல இடுப்புல சுரைப்புருடை கட்டி தாத்தா கூடுதுறை படித்துறையில தள்ளிவிட்டு நீச்சல் கத்துகிட்டவங்க. இப்போ 63 வயசு, எங்ககூட பெங்களூர் வந்து 9 வருஷம் ஆச்சு, இந்த 9 வருஷத்துல ஒரு தடவைகூட தண்ணியில இறங்கல. போன தீபாவளிக்கு பலகாரம் சுட்டுகிட்டே "ஒரு நாளாவது நல்ல தண்ணியில மெதக்கணும் கண்ணு"ன்னாங்க. அதுக்கப்புறம் அந்த பேச்சையே எடுக்கல, ஆனா எனக்கு மனசுல உக்காந்துடுச்சு.

ஊருக்குள்ள வழியே இல்ல. அல்சூர், ஹெப்பால் ஏரி எல்லாம் பார்க்கத்தான், நீந்த விடமாட்டாங்க, விட்டாலும் அந்த தண்ணியில யார் இறங்குவா. எங்க அபார்ட்மென்ட் பூல்ல சுடிதாரோட இறங்கக்கூடாதுன்னு ரூல், அம்மா வேற எதையும் போட்டுக்க மாட்டாங்க. கபினி ரொம்ப அழகுதான், ஆனா யானையும் முதலையும் இருக்கிற தண்ணி, அங்க படகோட நிறுத்திக்கணும். கடைசில மிச்சம் இருந்தது ரெண்டு: காவேரி பக்கம் பீமேஸ்வரி, ஷராவதி ஆத்து பக்கம் ஹொன்னேமரடு. ரெண்டுக்கும் போயிட்டு வந்துட்டோம், அதான் எழுதுறேன்.

பீமேஸ்வரி பெங்களூர்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர், கனகபுரா ரோட்டுல போய் மதியத்துக்குள்ள சேர்ந்துடலாம். காவேரி வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள, சிவனசமுத்திரத்துக்கும் மேகேதாட்டுக்கும் நடுவுல வருது. மூங்கில், மருத மரம், பரிசல், அதிர்ஷ்டம் இருந்தா நீர்நாய்னு ஒரு நாள் ட்ரிப்புக்கு குறையே சொல்ல முடியாது. அம்மாவுக்கும் முதல்ல இதுதான் ஆசை, "அதே காவேரிதானே, கொஞ்சம் கீழ போனா நம்ம பவானிக்கு வரப்போற தண்ணி"ன்னு சொல்லிட்டே வந்தாங்க.

ஆனா அதே காவேரி இல்லங்க அது. பவானியில ஆறு மேட்டூர் அணை தாண்டி வந்து அகலமா விரிஞ்சு போகும், இறங்க ஏற படி இருக்கும். இங்க ரெண்டு பக்கமும் மலை, அடியில முழுக்க பாறை, பாறைக்கு நடுவுல கண்ணுக்கு தெரியாத குழி, குழிக்கு மேல சுழல். பக்கத்துல முத்தத்தியில சுழல் ஆபத்து, இறங்காதீங்கன்னு போர்டு வச்சிருந்தும் உயிர் போயிட்டுதான் இருக்கு. அதோட மேல கேஆர்எஸ் (கிருஷ்ணராஜசாகர்) அணையிலயோ கபினி அணையிலயோ தண்ணி திறந்துவிட்டா இங்க ஒரு சொட்டு மழை இல்லாமலே ஆறு ஏறும். முதலையும் உண்டு, நாங்களே எதிர்க்கரை பாறையில ஒண்ணு வாயை திறந்துகிட்டு வெயில் காயறதை பார்த்தோம்.

இதெல்லாம் தெரிஞ்சும் என் தம்பி முழங்கால் அளவு தண்ணிதானேன்னு இறங்கினான். நல்லா நீந்துறவன். நாங்க தங்கின இடத்துல குடுத்த லைஃப் ஜாக்கெட்ல ஒரு பக்கிள் மாட்டவே இல்ல, கயிறு போட்டு முடிஞ்சு வச்சிருந்தாங்க. பாசியில கால் வழுக்கி, கண்ணு மூடி திறக்கிறதுக்குள்ள பத்து பதினஞ்சு அடி தள்ளி போயிட்டான். பரிசல்காரர் துடுப்பை நீட்டினாரு, அதை பிடிச்சுதான் வந்தான். முட்டி ரெண்டும் தோல் உரிஞ்சு போச்சு. அம்மா அன்னிக்கு செருப்பைகூட கழட்டல.

அங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. நாம எல்லாரும் தண்ணியில எப்படி இறங்குறதுன்னுதான் பார்க்கிறோம், எப்படி ஏறுறதுன்னு பார்க்கிறதே இல்ல. இறங்க எந்த பாறையும் போதும். ஏறணும்னா நீங்க இறங்கின எடத்துக்கே திரும்ப வரணும், ஓடுற தண்ணி அதுக்கு விடாது, கீழ கொண்டு போய் எங்க விடுதோ அங்கதான் ஏறணும், அங்க பாசி பாறையா, முள்ளா, ஆழமா எதுவும் நம்ம கையில இல்ல. அதுலயும் முட்டி வலி இருக்கிற 63 வயசு மனுஷிக்கு, கையை ஊன்றி உடம்பை மேல தூக்கி ஏறுற எந்த இடமும் ஆகாது. படி மாதிரி, இல்ல சரிவா, கால் ஊன்றி நடந்தே வெளிய வர்ற எடம் வேணும். படித்துறைன்னு கட்டி வச்சவங்க சும்மா கட்டல.

அடுத்து ஜனவரில ஹொன்னேமரடு. நைட் ட்ரெயின்ல ஏறி காலையில கடைசி ஸ்டேஷன் தாளகுப்பால இறங்கி அங்கிருந்து ஆட்டோ. லிங்கனமக்கி அணையோட தேக்கம்தான் இந்த தண்ணி, 1964ல கட்டினது. கன்னடத்துல ஹொன்னேன்னா நம்ம வேங்கை மரம். இந்த ஷராவதி பள்ளத்தாக்கு காடு சிங்கவால் குரங்குக்காக 2019ல பெரிய சரணாலயமா அறிவிச்சது. முன்னாடியே பேசி புக் பண்ணிட்டுதான் போகணும், திடீர்னு போய் நிக்க முடியாது.

தண்ணி நிக்குது. அதான் எல்லாம். ஓட்டம் இல்லாததால இறங்கின இடத்துக்கே திரும்பி வரலாம், கரை செம்மண் சரிவு, முழங்கால், இடுப்பு, மார்புன்னு உள்ள போகலாம். ஆனா ஏரி மாதிரி தெரிஞ்சாலும் அது மூழ்கின பள்ளத்தாக்கு, திடீர்னு தரை காணாம போகும், அதனால நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அங்க ஜாக்கெட் மாட்டிவிட்ட பையன் ஒவ்வொரு பக்கிளையும் இழுத்து பார்த்துட்டுதான் அம்மாவை விட்டான்.

அம்மா முதல்ல கையால தண்ணியை அள்ளி தலையில தெளிச்சுகிட்டாங்க. அப்புறம் மெதுவா உள்ள போய் மல்லாந்து படுத்துட்டாங்க. தலைக்கு வச்சிருந்த தேங்காண்ணெய் சுத்தி ஒரு சின்ன வட்டமா மினுமினுன்னு விரிஞ்சுது, அதை பார்த்துட்டு "அடடா, எண்ணெய் வச்சிருக்க கூடாதோ"ன்னு பதறினாங்க. (நிஜமாவே கூடாது. எண்ணெய், சன்ஸ்க்ரீன், சோப்பு எதுவும் போட்டுகிட்டு இறங்காதீங்க, அந்த தண்ணி மிருகங்களும் குடிக்கிறது.) கொஞ்ச நேரம் கழிச்சு "தரை தட்டுப்படல கண்ணு, ஆனா பயமா இல்ல"ன்னாங்க. முக்கால் மணி நேரம் இருந்தாங்க. வெளிய வரும்போது சேத்துல கணுக்கால் வரைக்கும் புதைஞ்சுது, நான் ஒரு கை, அந்த பையன் ஒரு கை, அவ்ளோதான், நடந்தே வந்துட்டாங்க.

இந்த அணையால ஊரை விட்டு போன குடும்பங்கள்ல பலருக்கு இன்னும் நிலத்துக்கு பட்டா வரல. அவங்க வயலும் வீடும் இருந்த இடத்துக்கு மேலதான் மிதக்கிறோம். அம்மாகிட்ட இதை சொன்னதும் ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க.

ஹொன்னேமரடுவுக்கு என் அனுபவம் ஒரே ஒரு தடவை, அதுவும் ஜனவரியில. ஏப்ரல், மே மாசம் தண்ணி இறங்கிடும், கரை ரொம்ப தூரம் போயிடும், 1964க்கு முன்னாடி கட்டி மூழ்கிப்போன மடேனூர் பழைய அணையே வெளிய தெரியும், அப்போ அம்மா மாதிரி ஆளுங்க அந்த சேத்தை தாண்டி போறது கஷ்டம்னு நினைக்கிறேன். ஜூன்ல இருந்து செப்டம்பர் மழையில வேண்டவே வேண்டாம். ஜாக்கெட் இல்லாம வேகமா நீந்தி பழகினவங்களுக்கு இது கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், தம்பிக்கு அந்த குறை இருந்துச்சு. ஒரே நாள்தான் லீவு, தண்ணியில இறங்க வேண்டாம், ஆத்தை பார்த்தா போதும்னா பீமேஸ்வரி போங்க, பரிசல்ல உக்காந்தே சந்தோஷமா திரும்பலாம். நீந்தணும்னா, அதுவும் வயசானவங்களோடன்னா, ஒரு ராத்திரி ட்ரெயின் போனாலும் பரவால்ல, ஹொன்னேமரடுதான்.

பழைய துணி எடுத்துட்டு போங்க. அம்மாவோட வெள்ளை சுடிதார் பேன்ட்ல அந்த செம்மண் கறை மூணு தடவை ஊற வச்சு துவைச்சும் போகல.