வீடு வாங்கும் முன் குழாயை யார் பார்ப்பது?

கோவையிலும் ஈரோட்டிலும் பழைய வீடு வாங்குகிறவர்கள் முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள், வாஸ்து பார்க்க ஆளை அழைத்து வருகிறார்கள். சுவருக்குள் ஓடும் குழாயை மட்டும் பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகுதான் பார்க்கிறார்கள். அதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். யாரை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். வங்கி இன்ஜினியர், தெரிந்த பிளம்பர், கட்டணம் வாங்கிச் சோதிக்கும் சிவில் இன்ஜினியர் அல்லது நிறுவனம், இவர்கள் யாரும் இல்லாமல் நாமே என்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் யாருக்காகப் பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வங்கி இன்ஜினியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்று வங்கிக்குச் சொல்லவே அவர் வருகிறார். நிலத்தின் விலை, கட்டடத்தின் வயது, அளவு, அனுமதி வரைபடம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். "வங்கியே பார்த்துவிட்டது" என்று நிம்மதி அடைவது வீண்.

பிளம்பரின் பலம் அனுபவம். கொங்குப் பகுதி வீடுகளைப் பொறுத்தவரை அது பெரிய பலம். இங்கே பல வீடுகளில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது: சிறுவாணி, அத்திக்கடவு, பவானி என்று ஊருக்கு ஊர் வரும் நல்ல தண்ணீர் ஒன்று, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் இன்னொன்று. உப்புத் தண்ணீர் ஓடிய பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்குள் சுண்ணாம்பு படிந்து துவாரம் சுருங்கியிருக்கும். இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்ததும் ஒன்றில் வேகம் செத்துப்போனால் நல்ல பிளம்பருக்கு அதுவே போதும். இரண்டு லைனும் எங்கே சந்திக்கின்றன என்றும் அவர் தேடுவார். இடையில் ஒரே ஒரு கேட் வால்வு மட்டும் இருந்து அது தேய்ந்துபோயிருந்தால், குடிதண்ணீரில் உப்புத் தண்ணீர் கலந்துகொண்டே இருக்கும்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் என் மச்சான் பார்த்த வீட்டில் ஹால் சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தது. கூட வந்த பிளம்பர் அதைக் கட்டை விரலால் அழுத்தினார். பெயிண்ட் அப்பளமாக உடைந்து, உள்ளிருந்து வெள்ளை உப்பு மாவு போல் கொட்டியது. "மழை ஈரம் மேலிருந்து இறங்கும். இது பங்குனி மாதத்தில் கீழிருந்து ஏறுகிறதுங்க" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பின் மூடியைத் தூக்கினால், சுற்றிலும் சிமெண்ட் விட்டுப்போய் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி!

அதுவரை எல்லாம் சரி. அடுத்து அவர், குளியலறை முழுவதையும் உடைத்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிளம்பரின் பலவீனம் இதுதான். கண்டுபிடிப்பவரே வேலையையும் எடுத்துச் செய்பவர் என்பதால், பழுதின் அளவு அவர் வாயில் பெருக இடமிருக்கிறது. அவரைப் புரோக்கர் அழைத்து வந்திருந்தால் சுருங்கவும் இடமிருக்கிறது.

பிறகு மச்சான் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துவந்தார். அவர் டிராப்பை அடைத்துத் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வைத்தார். ஹால் சுவரில் ஈரம் கூடவில்லை. அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஓட விட்டபோது கூடியது. ஆக, தரை நன்றாக இருக்கிறது, கசிவது டிராப்பின் இணைப்பு மட்டும். அதைப் புதிதாகப் பதித்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் விலை பேச முடிந்தது.

எழுத்தில் அறிக்கை தருவதும், பழுதுபார்க்கும் வேலையில் அவருக்குப் பங்கு இல்லாததும் இந்த வழிக்குள்ள இரண்டு பெரிய அனுகூலங்கள். நிறுவனங்கள் ஈரமானியும் வெப்பக் கேமராவும் கொண்டுவருகின்றன. அந்தக் கேமரா தண்ணீரைக் காட்டுவதில்லை, சுவரின் வெப்ப வேறுபாட்டைத்தான் காட்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் குழாயெல்லாம் வறண்டிருந்தால் அதற்குத் தெரிய ஒன்றும் இருக்காது. எனவே முதல் நாளே தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் ஓடவிட்டு வைக்க வேண்டும். கரிசல் மண்ணில் கட்டிய வீடானால் வெளியே உள்ள கழிவுநீர்ச் சேம்பர்களையும் (மூடி போட்ட தொட்டிகள்) திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும்போது, புதைந்திருக்கும் கழிவுநீர்க் குழாயின் இணைப்புகள் விலகிவிடும்.

நாமே பார்ப்பதற்குக் காசு செலவில்லை, ஓர் இரவு சாவி கிடைத்தால் போதும். மேல்தொட்டியை நிரப்பி மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தில் கோடு போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். 1000 லிட்டர் வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே ஏறக்குறைய 10 லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் இரவு தொட்டியின் வெளிவால்வை மூடிவிட்டு இதையே செய்தால், கசிவது தொட்டியா, லைனா என்று தெரிந்துவிடும். ஃபிளஷ் தொட்டியில் கேசரிப் பவுடர் கரைத்து விட்டு, அழுத்தாமலே கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவான புது அடுக்ககம் வாங்குகிறவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் வேலைத் தரத்தில் குறை தெரிந்து முறையிட்டால், கட்டியவர் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். அங்கே நம் சொந்தச் சோதனையே பெரும்பாலும் போதும், குறையை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கைமாறும் பழைய தனி வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே நான் சொல்வது: முதலில் இரவுச் சோதனை. சந்தேகம் வந்தால் புரோக்கருக்குச் சம்பந்தமில்லாத பிளம்பர். அவர் பெரிய செலவு சொன்னால் இன்ஜினியர். வீடு இருபது வயது கடந்ததென்றால் பிளம்பருக்குக் காத்திராமல் நேரே இன்ஜினியரிடம் போய்விடலாம். சாதாரணக் கவனத்தில் தெரியாத குறையை விற்பவர் தாமே சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அவருக்கு அது தெரியும் என்று பிறகு நிரூபிப்பது கடினம். அறிக்கையில் வந்த குறைகளையும், அவற்றை யார், எப்போது சரிசெய்வது என்பதையும் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.